படுதாவுக்குள் விசாகப்பட்டினம்

பழைய படம் காட்டி விளக்கம் சொல்கிற தொழிலில் படத்துக்கு வயசே ஆவதில்லை, விளக்கம் சொல்கிறவளுக்குத்தான் இரண்டே மாதத்தில் தலை நரைக்கிறது. வகுப்பெடுக்கிறவர்கள், கூட்டத்துக்கு வரவேற்புரை சொல்கிறவர்கள், கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பந்திக்குக் கூப்பிடுகிறவர்கள், நீங்கள் எல்லாரும் என் கட்சி. உங்களிடம்தான் இதைச் சொல்லி அழ முடியும்.

நான் நிலவியலில் முதுகலை முடித்தவள். கடலடி மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்ய விசாகப்பட்டினத்தில் இடம் கிடைத்திருந்தது. பங்குனி பிறந்ததும் போய்ச் சேர வேண்டும். அப்பா முடியாது என்றுவிட்டார். தையும் மாசியும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் சண்டை போட்டே தொண்டை போய்விடும் என்று ஒரு வேலைக்குப் போனேன். பழைய ஆவணப்படங்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுகிற ஒரு சின்ன அமைப்பு. என் கையில் கொடுத்த படம் எதைப் பற்றியது தெரியுமா? விசாகப்பட்டினத்தைப் பற்றியது! அப்பா பிறப்பதற்கும் முந்தைய கறுப்பு வெள்ளைப் படம். கடற்கரைச் சாலை, துறைமுகம், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் மலை, அதன் மேல் கலங்கரை விளக்கம். கனத்த குரலில் ஒருவர் ஆங்கிலத்தில் வர்ணித்துக்கொண்டே போவார். அவர் சத்தத்தைக் குறைத்துவிட்டு நான் தமிழில் சொல்ல வேண்டும்.

வேன் ஓட்டுவதும் புரொஜக்டர் போடுவதும் பாஸ்கர் அண்ணன். பகலில்தான் காட்சி. பள்ளிக்கூடமோ மண்டபமோ கிடைத்தால், சன்னல்களில் எல்லாம் சோளம் காயப்போடுகிற கறுப்புப் படுதாவைக் கட்டி இருட்டாக்குவார். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் கடல் கிடையாது. அதனால்தான் காட்டுகிறோம் என்றார்கள் அமைப்பில். நியாயமாகத்தான் பட்டது, முதல் காட்சி வரைக்கும்.

சும்மா கிடக்கிற மணல்

முதல் காட்சி அரியலூரில், டிப்பர் லாரி ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கிற ஒரு கொட்டகையில். சுண்ணாம்புக்கல் ஏற்றிவிட்டு வந்து, தலைமுடியெல்லாம் வெள்ளையாக உட்கார்ந்திருந்தார்கள். படம் கடற்கரையில் தொடங்குகிறது. மணல், மணல், கண்ணுக்கு எட்டிய வரை மணல். நான் இராத்திரி எல்லாம் எழுதி மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்தைச் சொன்னேன்: "அலை வந்து வந்து தடவிக்கொடுக்கும் பொன் மணல்." பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "எத்தனை யூனிட்டு வரும்?"

அவ்வளவுதான். கொட்டகை இரண்டாகப் பிரிந்தது. அது உப்பு மணல், கட்டடத்துக்கு ஆகாது என்றது ஒரு கூட்டம். கழுவிப் போட்டால் பூச்சுக்காவது ஆகும் என்றது இன்னொன்று. கடலிலிருந்து வண்டி மேலே ஏறுகிற பாதை எங்கே என்று ஒருவர் திரைக்குப் பக்கத்திலேயே வந்து தேடினார். துறைமுகமும் கப்பலும் கலங்கரை விளக்கமும் யாருடைய கண்ணிலும் படாமல் ஓடி முடிந்தன. கடைசியில் நான் பொறுக்க முடியாமல், "அந்த மணலை யாரும் எடுக்க முடியாதுங்க, எடுக்கவும் கூடாது, அது பார்க்கிறதுக்கு" என்று கத்தினேன். முன்வரிசையில் இருந்த இளைஞர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அப்ப எதுக்குக்கா எங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சு ஆசை காட்டுறீங்க?"

கூடை

படத்தின் நடுவில் ஒரு மீன்காரம்மா வருகிறார். தலையில் கூடை, கூடையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கேமரா அவர் பின்னாலேயே போகிறது, அப்புறம் முன்னால் வந்து முகத்துக்கு நேரே நிற்கிறது. கனத்த குரல்காரர் அங்கே என்ன சொல்கிறார் தெரியுமா? 'இந்நகரத்து மங்கையரின் நாணம் அலையின் நுரையைப் போன்றது' என்கிறார். துறைமுகத்தைப் பற்றிச் சொல்லும்போது அதன் ஆழம், எந்தக் கப்பல் எங்கே நிற்கும், எல்லாம் சொல்கிற மனிதருக்கு, ஒரு பெண் வந்தால் மட்டும் நாணமும் நுரையும்தான் கிடைக்குமா? மீன் என்ன விலை, எவ்வளவு தூரம் நடக்கிறார், பெயர் என்ன, ஒன்றையாவது கேட்டாரா? நான் அந்த வரியைச் சொல்ல மாட்டேன் என்று விட்டுவிட்டேன். அமைப்பின் ஒருங்கிணைப்பாளர் போனில் பிடித்துக்கொண்டார். "உள்ளதை உள்ளபடி சொல்லும்மா." "எது சார் உள்ளது? அந்தம்மா உள்ளது. நாணம் அந்தாள் சொன்னது." அரை மணி நேரம் போனது. பேட்டரி தீர்ந்ததால் நான் ஜெயித்தேன்.

பெரம்பலூரில் மகளிர் குழுக்காரர்களுக்குப் படம் காட்டிய அன்று, சரி, அவர்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்று அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னேன். குரல்காரரின் வரியையும் சொன்னேன், என் ஆட்சேபத்தையும் சொன்னேன். எல்லாரும் கை தட்டி எனக்கு ஆதரவு கொடுப்பார்கள் என்று காத்திருந்தேன். என் ஆட்சேபமும் அவர் நாணமும் அவர்களுக்கு ஒன்றாகவே பட்டிருக்க வேண்டும். ஓரமாக உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் பேசுறது இருக்கட்டும்மா, இம்புட்டு நேரம் படம் புடிச்சவன் அந்தக் கூடைய எறக்கிவிட ஒரு கை குடுத்தானான்னு கேளு."

வீட்டில் ஒரு காட்சி

அப்பாவுக்கு மக்காச்சோளம் அடிக்கிற மெஷின் இருக்கிறது. டிராக்டரில் மாட்டிக்கொண்டு களம் களமாகப் போவார். நான் விசாகப்பட்டினம் போகக் கூடாது என்பதற்கு அவரிடம் இருந்த காரணங்கள் வரிசையாக இவை: தூரம். பாஷை தெரியாது. ஓர் ஆத்திர அவசரத்துக்கு ஓடி வர ஆள் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. தூரத்துக்கு ரயில். பாஷைக்கு நாக்கு. ஆத்திர அவசரத்துக்கு, திருச்சியில் விடுதியில் இருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்ததற்கு யார் ஓடி வந்தார்கள், நானேதானே பஸ் ஏறி வந்தேன்? அம்மா இரண்டு பக்கமும் சேராமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சின்ன வெங்காயம் என்பதால் யாருக்காகக் கண் கலங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் கடைசி அஸ்திரமாக, கடலைப் படிக்கிறவள் கடலோரத்தில்தான் இருந்தாக வேண்டும் என்றேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சின்ன வயதில் அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் கல்லாகிப்போன சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, இந்தப் பூமியெல்லாம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று அப்பாவுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். அவர் அதை மறக்கவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நீதான சொன்ன, அரியலூரே கடலாத்தான் கெடந்துச்சுன்னு? அப்ப இங்கயே குந்திப் படி, பஸ்ஸு இருக்கு."

இடது கை

சிறுவாச்சூரில் திங்கள், வெள்ளி என்றால் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும். ஒரு திங்கட்கிழமை, அங்கே நெடுஞ்சாலையோர மண்டபம் ஒன்றில் காட்சி வைத்தோம். மொட்டை போட்டவர்களும் பொங்கல் வைத்தவர்களும் வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே வந்து நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் புரொஜக்டர் வைக்க இடமே இல்லை. பாஸ்கர் அண்ணன் யோசித்து, திரைக்குப் பின்னால் போய் அங்கிருந்து போட்டார். வெள்ளைத் துணிதானே, இந்தப் பக்கமும் தெரிந்தது. ஆனால் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் தெரிந்தது. கடைப் பலகைகள் எல்லாம் திரும்பியிருந்தன. அவை தெலுங்கு, அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை. நானும் கூட்டத்தைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தேன்.

படத்தில் துறைமுகத் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சோறு சாப்பிடுகிற காட்சி வந்ததும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு. திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் இடது கையால் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மைக்கில் பதறிப்போய் விளக்கினேன். ஆள்காட்டி விரலால் காற்றில் புரொஜக்டரெல்லாம் வரைந்து காட்டினேன். கூட்டத்தில் பாதிப்பேர் ஏற்கெனவே செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அதில் ஒருவர் எங்கள் செல்லமுத்துப் பெரியப்பா. அப்பாவுக்குப் பங்காளி அண்ணன், தொழிலிலும் பங்காளி, அவரும் சோளம் அடிக்கிற மெஷின்தான் வைத்திருக்கிறார். நான் வீடு வந்து சேர்வதற்குள் அவர் எங்கள் ஊர் டீக்கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலிலேயே அப்பா நின்றிருந்தார். அவர் பட்டியலில் நான்காவது காரணம் சேர்ந்திருந்தது: "பீச்சாங்கையால திங்கிற ஊருக்கா உன்னைய அனுப்பச் சொல்ற?"

மரத்தை நிறுத்து

ஆண்டிமடத்தில் முந்திரி பூத்துப் பிஞ்சு வைத்திருந்த சமயம். வெயிலில் நடந்து வந்தவர்கள் அமைதியாக உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்தார்கள். இருட்டில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் முதல் முறையாக ஒரு கூட்டம் படத்தைப் படமாகப் பார்க்கிறது! மலை மேலிருந்து கடல் முழுவதும் விரிகிற காட்சி வந்தது. படத்திலேயே அழகான இடம் அதுதான். நானே குரலைத் தாழ்த்தி, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்போது ஒருவர் எழுந்து, "கொஞ்சம் பின்னால ஓட்டுங்க" என்றார்.

பாஸ்கர் அண்ணன் ஓட்டினார். திரையின் இடது மூலையில், மலைச் சரிவில், ஒரு மரம் நின்றது. அது முந்திரியா இல்லையா? அதுதான் கேள்வி. முந்திரிதான், கிளை தரையைத் தொடுகிறது பார் என்றார் ஒருவர். புங்கமரம் என்றார் இன்னொருவர். கறுப்பு வெள்ளையில் இலை நிறம் தெரியாததால் வழக்கு முடியவே இல்லை. மறுபடி பின்னால், மறுபடி முன்னால். ஒவ்வொரு தடவையும் கடல் வந்து வந்து போனது, ஒருவர்கூட அதை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. "ஏங்க, வலது பக்கம் வங்காள விரிகுடாவே கிடக்கு, அதைப் பாருங்களேன்" என்று கெஞ்சினேன். முதலில் எழுந்தவர் என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில் சொன்னார்: "கடலு எங்க போயிடப் போவுது, அது கெடக்கும், நீ அந்த மரத்தைக் கொஞ்சம் நிறுத்திக் காட்டும்மா."

நெல்

திருமானூரில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். வெளியே திடல் முழுக்க அறுவடை நெல் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே நான் அலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நிஜமாகவே இடி இடித்தது. அடுத்த நொடி கூட்டம் மொத்தமும் எழுந்தது. கதவு வழியாகப் போனவர்கள் பாதி. மீதிப்பேர் சன்னலுக்குப் போய், பாஸ்கர் அண்ணன் காலையிலிருந்து கயிறு போட்டு இழுத்துக் கட்டிய படுதாக்களைச் சரக் சரக்கென்று அவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். கூடத்துக்குள் பகல் வெளிச்சம் கொட்டியது. திரையில் விசாகப்பட்டினம் வெளுத்து, அப்புறம் காணாமலே போனது. வெள்ளைத் துணியைப் பார்த்து நான் இன்னும் இரண்டு வாக்கியம் சொன்னேன். பழக்கதோஷம்.

வாசலுக்குப் போய் வாதாடாமல் என்னால் இருக்க முடியுமா? மழையில் நின்று கத்தினேன். சொல்லாமல் எடுப்பது என்ன நியாயம், ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, படம் பாதியில் நிற்கிறதே! கத்திக்கொண்டிருக்கும்போதே பாஸ்கர் அண்ணனைப் பார்த்தேன். படுதாவின் ஒரு முனை அவர் கையில். நெல் மேல் இழுத்துப் போட்டு, காற்றில் பறக்காமல் ஓரத்தில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்களுமா?" என்றேன். எதிர் முனையைப் பிடித்திருந்த அம்மா எனக்குப் பதில் சொன்னார்: "உன் கடலு நனைஞ்சா ஒண்ணும் ஆவாது கண்ணு, நெல்லு நனைஞ்சா மொளைச்சுக்கும், வந்து இந்த மூலையப் புடி."

எங்கள் ஊரில்

மாசிக் கடைசியில், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே காட்சி வைத்தார்கள். நான் கேட்கவில்லை, வரிசையில் வந்தது. விசாகப்பட்டினத்தில் நான் சேர வேண்டிய நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. பெட்டி எடுக்கவில்லை, டிக்கெட் எடுக்கவில்லை, அப்பாவும் நானும் பேசியே நாலு நாள். அன்றைக்குப் பார்த்து அவர் மெஷினில் பெல்ட் அறுந்துபோக, மாற்று பெல்ட் வருகிற வரைக்கும் போக்கிடம் இல்லாமல் வந்து கதவோரம் நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. படம் ஒழுங்காக ஓடியது. வலது கையால் சாப்பிட்டார்கள். நான் என்றைக்கும் இல்லாமல் நன்றாகப் பேசினேன் என்று எனக்கே தெரிந்தது. முடிந்ததும் செல்லமுத்துப் பெரியப்பா எழுந்தார்.

"ஏம்மா, இம்புட்டுச் சொல்றியே, நீ அந்த ஊரப் பாத்திருக்கியா?"

"இல்ல பெரியப்பா."

"அந்தக் கப்பலு, அந்த மல, எதையாச்சும்?"

"இல்ல."

"அடப்பாவத்த. பாக்காத புள்ள சொல்லுது, படிச்ச புள்ளைன்னு நாம வாயத் தொறந்துக்கிட்டு கேட்டுக்கிட்டு இருக்கோம்!"

கூட்டம் சிரித்தது. இத்தனை ஊரில் இத்தனை பேருக்குப் பதில் சொன்னவளுக்கு, சொந்த ஊரில் ஒரு வார்த்தை வரவில்லை. ஏனென்றால் அவர் சொன்னது உண்மை. உண்மையோடு எனக்கு வாதாடிப் பழக்கமில்லை. மைக்கை எங்கே வைப்பது என்று தேடினேன். அப்போது கதவோரத்திலிருந்து, மைக் இல்லாமலே, மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய அந்தக் குரல் வந்தது. "ஏன் பாக்காம? பங்குனி பொறந்தா போறா. அங்க படிக்கிறதுக்கு எடம் வாங்கி வச்சிருக்கா எம்மவ. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுவா, அப்ப வந்து முன்னால குந்திக் கேளு." பெரியப்பா விடுவாரா? "நீதானடா போன வாரம் டீக்கடையில அனுப்ப மாட்டேன்னு சொன்ன?" அப்பா அசரவே இல்லை. "அது டீக்கடைண்ணே. இது பள்ளிக்கூடம்." ஊரே கை தட்டியது. எனக்குத் தட்டவில்லை, அவருக்குத்தான் தட்டியது.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குத் தான் என்ன சொன்னோம் என்பது மெல்ல உறைத்தது. அவன் வாயை அடைப்பதற்காகச் சொன்னது, அதை எல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். இத்தனை நாள் எந்தப் பக்கமும் சேராதவர் சொன்னார்: "அனுப்ப வேணாம், விடுங்க. பங்குனி பொறந்த அன்னிக்கே உங்கண்ணன் களத்து மேட்டுல வந்து நின்னு, புள்ள போயிட்டாளான்னு கேப்பாரு. நீங்களே பதில் சொல்லிக்குங்க." அப்பா சட்டையை மாட்டினார், கழற்றினார். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே, ரயில் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறது என்று கேட்டார். சொன்னேன். இரண்டு டிக்கெட் போடச் சொன்னார். எதற்கு இரண்டு என்று கேட்டதற்கு, அதிலும் வாதாட வந்துவிட்டாயா என்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சொன்னார்: "நானும் வந்து ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன், நீ அங்க போயி உக்காந்துக்கிட்டா இங்க அவனுக்கு யாரு பதில் சொல்றது?"

இரண்டு மாவட்டத்துக்கும் மைக் பிடித்துக் கடலைக் காட்டியதில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: எத்தனை நியாயம் சொன்னாலும் அசையாத அப்பாவை, எதிர் வரிசையில் ஒரே ஒரு பங்காளியை எழுந்து நிற்க வைத்தால், வங்காள விரிகுடா வரைக்கும் நகர்த்திவிடலாம்.